ஒரு இலக்கம் போதும்

கணக்கெடுக்க வந்த பிள்ளைக்குத் துணுக்காய்.
ஸ்கூட்டியை வேம்புக்குக் கீழே விட்டு
ஹெல்மெட்டோடேயே முதல் கேள்வியைத் தொடங்கினாள்.

பிரேமாலினிக்குப் பிரச்சினை இல்லை.
கலைமாணி. பிரதேச சபை. மாதம் இருபத்தைந்தாம் தேதி.
சம்பளச் சிட்டையை அப்படியே நீட்டினாள்.
அதில் தபுதாரர் அநாதைகள் நிதிக்கும் ஒரு கழிவு;
அந்தத் தபுதாரர் பக்கத்துக் கதிரையில்
பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, உங்கட படிப்பு?"
உயர்தரம். கணிதப் பிரிவு. மூன்று தரம் எடுத்தது.
"தொழில்?"
தண்ணீர் மோட்டர் திருத்தல், மாங்குளத்தில் சொந்தக் கடை.
"மாத வருமானம்?"

எந்த மாதம், பிள்ளை?
ஆவணியில் கிணறுகள் அடி காட்டும்போது
இரவு பத்து மணிக்கும் ஃபோன் அடிக்கும்.
மார்கழியில் வளவெல்லாம் வெள்ளம்,
மோட்டரை ஆர் நினைப்பினம்?
ஒலுமடுவில் ஒருத்தர்
உழுந்து அடிச்சாப்போல தாறன் என்றவர்.
இது இரண்டாவது உழுந்து.

"ஒரு இலக்கம் போதும், அண்ணா. பெட்டி சின்னன்."

அவள் கேட்காததையும் சொல்லவேணும்.
அமுக்கமும் முறுக்கமும் படித்த எனக்கு
மோட்டர் பேசுவது கேட்காது.
பெனடிற் அண்ணைக்குக் கேட்கும்.
ஆறாம் வகுப்பு. எதிர்க்கடை.
றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே "பெயாரிங்" என்பார்.
கழற்றினால் பெயாரிங்.
ஆறு வருடம் சனம் அவரிடம் போனது,
அவர் சாப்பிடப் போன நேரம் என்னிடம் வந்தது.

பிறகுதான் திணைக்களம் கேள்விப்பத்திரம் கோரியது:
நாற்பது மோட்டர், ஒரு வருடப் பராமரிப்பு,
வியாபாரப் பதிவு, வங்கிக் கூற்று,
மூன்று பிரதி, ஒட்டிய உறை.
அண்ணை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
ஆணியே இல்லாத ஒரு சாமானைப் பார்ப்பதுபோல.
"நீ நிரப்பு தம்பி. சேர்ந்து செய்வம்."

நிரப்பினேன்.
கையெழுத்துக்கு ஒரு கோடுதான் இருந்தது.

"உங்களிட்டச் சம்பளத்துக்கு ஆக்கள் இருக்கினமோ?"
ஒருத்தர்.
"அவருக்கு மாதம் எவ்வளவு?"

பின்வளவில் அவர் கண்ணை மூடி
ஒரு மோட்டரின் வயிற்றில் காதை வைத்திருந்தார்.
நாங்கள் கதைப்பது அவருக்குக் கேட்டிருக்கும்,
எல்லாம் கேட்கும் அவருக்கு.

நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு,
இருபத்துநாலு நாள்,
எண்பத்துநாலாயிரம் என்றேன்.
பேனை எடுக்கவில்லை, விரல் மடக்கவில்லை.
கணிதப் பிரிவு.