இரண்டு மில்லிமீட்டர்

சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
கௌனஸில் மைனஸ் பதினொன்று.
கடைசி டிராலிபஸ்ஸை டெப்போவில் நிறுத்திவிட்டு வந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல்
இஸ்திரி மேசையை விரிக்கிறேன்.
என் பட்டறை அதுதான்.

அதன்மேல் மல்லாந்து கிடக்கிறது
ரிம்வீதஸ் ஓட்டிக் கவிழ்த்த ரிமோட் கார்.
அசலில் பத்தில் ஒரு பங்கு அளவு,
தொல்லை மட்டும் முழு அளவு.
வயிற்றில் இருபத்திரண்டு திருகாணிகள்.
இருபத்தொன்று வந்துவிட்டன.
ஒன்று
வரமாட்டேன் என்கிறது.

ஆறு பக்கமாய் இருந்த குழி
வட்டமாகிவிட்டது.
உள்ளே போகும் பிட்
கடன் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போகும் சொந்தக்காரனைப் போல
சும்மா சுற்றுகிறது.
மோட்டார் உறுமுகிறது.
கீழ்வீட்டு ப்ரோன்யா துடைப்பக் கட்டையால்
தன் கூரையை இரண்டு முறை இடிக்கிறாள்.
நான்கு வருடமாக எங்களுக்குள் இதுதான் பேச்சுவார்த்தை.

யார் குற்றவாளி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை:
முப்பத்திரண்டு பிட், ஏழு யூரோ,
மூடி சரியாக மூடாத பச்சைப் பெட்டி.
நட்சத்திரம், சதுரம், மூவிதழ் என்று
இந்த ஜென்மத்தில் நான் சந்திக்கப்போகாத
திருகாணிகளுக்கெல்லாம் அதில் முனை உண்டு.
எனக்கு வேண்டியது நான்கு.
ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று.
அதிலும் இரண்டுதான் தினமும்.
களிமண்ணை உருக்கென்று விற்றவனை
அவன் ஏழு தலைமுறையோடு சேர்த்துத்
திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் கடையில்
கண்ணாடிக்குப் பின்னால், பூட்டிய அலமாரியில்,
தங்க நிறப் பூச்சோடு ஒரு பிட்.
ஒன்று மட்டும்.
பதினொரு யூரோ.
ஒரு வாரத்து ரொட்டி, கம்பு மாவு, கொஞ்சம் தயிர்ப்பாலாடை
எல்லாம் விரல்நீள உருக்காக நின்றது.
விற்பனைப் பையன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
அதுவும் நல்லதுதான்;
பழைய பிட்டையும் வெர்னியரையும் எடுத்து
நானே அளந்துகொண்டேன்.

ஒன்று புள்ளி ஒன்பது எட்டு.

துடைத்துவிட்டு மறுபடி.
ஒன்று புள்ளி ஒன்பது எட்டு.
பச்சைப் பெட்டியைத் திருப்பினேன்.
முதுகில், பேன் காலளவில்,
எண்களின் தலைமேல் இரண்டிரண்டு கோடு.
அங்குலம்.

அவன் பொய் சொல்லவில்லை.
அவன் கணக்கில் அது சரி.
என் குழிக்கு மட்டும் ஒரு மயிரிழை குறைவு.
அந்த மயிரிழையில்தான்
மூன்று மாதமாக என் திருகாணிகள் செத்துக்கொண்டிருந்தன.
பெயர் தெரியாத அந்தத் தொழிலாளியிடம்
வெர்னியரைப் பையில் வைத்தபடி
மன்னிப்புக் கேட்டேன், லிதுவேனிய மொழியில்.
அவனுக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை.

தங்கத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டேன்.
கீழ்த் தட்டில், கொக்கியில்,
நிறமில்லாத, பூச்சில்லாத, மில்லிமீட்டர் என்று முழுசாக எழுதிய
இரண்டாம் எண் பிட்,
மூன்று யூரோ நாற்பது.
வெர்னியர் தலையசைத்தது.
இரண்டாக வாங்கினேன்.
மற்ற மூன்று அளவும் சம்பளம் வரட்டும்.

ஆனால் செத்த குழிக்குப் புது பிட்டும் உதவாதே.
இரவு, பற்றவைப்புக் கோலின் நுனியைத்
திருகாணித் தலையில் வைத்துப்
பசையை இளக்கினேன்.
பச்சைப் பெட்டியிலிருந்து
எதற்கும் ஆகாது என்று சபித்த நட்சத்திரத்தில் ஒன்றை எடுத்து
வட்டத்துக்குள் சுத்தியலால் இறக்கினேன்.
டொக்.
கீழிருந்து டொக்.
டொக் டொக்.
கீழிருந்து டொக் டொக்,
இந்த முறை கொஞ்சம் விளையாட்டாக, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

மோட்டாரை ஓரமாக வைத்துவிட்டுக்
கையாலேயே திருப்பினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
அப்புறம் ஒரு சின்ன 'கிறுக்'.
பல் பிடுங்கியதும் நாக்கு தேடுமே,
அப்படி ஒரு வெற்றிடம்.

மாற்றுத் திருகாணியை விரலால் ஆரம்பித்து,
கிளட்ச்சை இரண்டுக்கு இறக்கி,
புது பிட்டால் முடித்தேன்.

காலை ஐந்து மணி வண்டியில்
சில்லறை கேட்ட ஒருவருக்குப்
பையிலிருந்து எடுத்து நீட்டினேன்,
குழி செத்த அந்தத் திருகாணியை.
அவர் அதை ஒரு கணம் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"ஒன்றரையா, இரண்டா?" என்றார்.