சும்மா

தாழமுக்கம் ஒன்று நேற்றுத்தான் கரை கடந்தது.
அடுத்தது வியாழன் வரும் என்கிறது வானொலி.
நடுவில் கிடக்கிற நாட்களை
ஒருவரும் உரிமை கோரவில்லை.
நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

சுபோதினிக்கு மணி அடிக்காத ஓர் இரவு வேண்டும்.
ஏழாம் வாட்டில் கட்டிலுக்குக் கட்டில் மணி.
எனக்கு என்ன வேண்டும் என்று
நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

முதலில் மணற்காடு.
சவுக்கு மரங்களுக்குள் ஐந்து வான்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பீக்கர்,
கோழி வாட்டும் புகை,
குன்றில் சறுக்கும் பிள்ளைகளுக்குப் பின்னால்
தாய்மாரின் கூச்சல்.
ஞாயிறு அவர்களுக்கும் ஞாயிறுதானே.
குறை சொல்லாமல் திரும்பினோம்.

பிறகு தொண்டைமானாற்று நீரேரி ஓரம்.
உமரி சிவந்து கிடந்தது.
நல்ல இடம் என்று சொன்னபடி குனிந்தவள்
சேற்றிலிருந்து எடுத்தது ஒரு தோட்டாக் கோது.
பச்சை. புதுசு.
இன்னும் நாலடி தள்ளி, தண்ணீர் விளிம்பில்,
கூழைக்கடாவின் ஒற்றைச் சிறகு
எழும்பப் பார்ப்பதுபோல் காற்றில் அசைந்தது.
அடுப்பைக்கூட இறக்கவில்லை.

மூன்றாவது இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன்.
நாகர்கோவிலுக்கு அங்கால், அவ்வளவுதான்.
தார் முடிந்து, கிறவல் முடிந்து,
மோட்டார்சைக்கிள் மணலில் மூக்கைக் குத்தும்.
அதைத் தாழம்புதருக்குள் சாய்த்துவிட்டு நடக்க வேண்டும்.
கற்கள் வரிசையாக வரும்,
வெடி பொறுக்கியவர்கள் விட்டுப்போனவை.
வெள்ளைக் கல்லுக்கு இந்தப்பக்கம் பயமில்லை.
வெள்ளைதானா,
சிவப்பு வெளிறி வெள்ளையானதா என்று
ஒவ்வொன்றாய் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்
ஊசிக்குப் பயப்படாத என் மனைவி.

திங்கள் பின்னேரம் கூடாரம் நிமிர்ந்தது.
வாடை அதன் வயிற்றில் ஊதிப் பார்த்தது.
பாண், சம்பல், பிளேன்ரீ.
கடலைத் தவிர ஒருவரும் பேசவில்லை.

பத்து மணிக்கு மேல் ஒரு வெளிச்சம்.
நெற்றியில் கட்டிய லைற், தோளில் வலை,
மூன்று நாய்கள்.
நாய்கள் சம்பல் சட்டியைத்தான் முதலில் கண்டன.

"ஆரது? ஏன் இஞ்சை படுத்திருக்கிறியள்?
வீட்டிலை சண்டையோ?"

இல்லை அண்ணை. சும்மா.

"சும்மாவோ?"
வெளிச்சம் கூடாரத்தில் மெல்ல ஏறி இறங்கியது.
தையலைப் பார்த்தது. முளையைப் பார்த்தது.
"என்ன விலை?"
சொன்னேன். இரண்டாயிரம் குறைத்துச் சொன்னேன்.

"முகாமிலை மூண்டு வருசம்
இதிலும் மெல்லிசுக்குள்ளை கிடந்தனாங்கள்.
ஆறு பேர்.
எங்களுக்குச் சும்மா தந்தவங்கள்."

அதற்குப் பிறகு அந்தச் சொல்
மூவருக்கும் நடுவில் மணலில் கிடந்தது.
சுபோதினி தேத்தண்ணி ஊற்றினாள்.
முயல் பட்டதோ என்று கேட்டாள்.

"எங்கை படுறது?
உங்கடை லைற்றையும் சிரிப்பையும் கண்டிட்டு
எல்லாம் அங்கால போட்டுது.
மனுசர் வராத இடமெண்டுதான்
நான் இவ்வளவு தூரம் வாறனான்."

குடித்து முடித்து, கோப்பையைக் கடல் மண்ணால் கழுவி வைத்தார்.
போகிற போக்கில் வாசல் பக்கம் குந்தி
இரண்டு முளைகளைப் பிடுங்கினார்.
"வாடைக்கு முதுகு காட்டி அடிக்கோணும்.
இல்லாட்டி விடிய ரெண்டு மணிக்கு இது பறக்கும்."
கல் தேடவில்லை, குதிக்காலால் இறுக்கினார்.
நாய்கள் அவரை முந்திக்கொண்டு ஓடின.

விடிய ரெண்டு மணிக்குச் சுபோதினி எழும்பினாள்.
மணி ஒன்றும் அடிக்கவில்லை,
வாட்டுப் பழக்கம்.
கூடாரம் அசையாமல் நின்றது.

காலையில் பார்த்தால்
எங்கள் தலைமாட்டைச் சுற்றி முயல் தடம்.
நாய்த்தடத்துக்கு மேலாலும் போயிருந்தது,
அவசரமில்லாமல்.
துவாயை நனைத்து வந்து
அதை மட்டும் அழித்தாள்.
அவருடைய செருப்பு அடையாளத்தைத் தொடவில்லை.

வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.