பல்லைப் பிடித்துப் பார்த்தவள்

யோகோஹாமா விரிகுடாவின் மேல்
நெடுஞ்சாலைகள் சுருண்டு இறங்கும் இடத்தில்
ஒரு வண்டி நிறுத்தம்.
சனிக்கிழமை, இரவு எட்டேகால்,
இரண்டு டிகிரி.

நான் பல் செய்பவள்.
பகலெல்லாம் பீங்கானில் கடைவாய்ப்பல் வனைந்து
உலையில் சுடுகிறேன்.
இங்கே வருவது, உண்மையைச் சொன்னால்,
வாய்களிடமிருந்து கொஞ்சம் தப்பிக்க.

குரோசு தன் புதுக் காரை ஓட்டிவந்தார்.
சாம்பலும் இல்லை, பச்சையும் இல்லை,
மழைக்குச் சற்று முன் கடலுக்கு வருமே அந்த நிறம்.
அவர் இறங்குவதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"முகப்பு பெரிசு" என்றான் இபுகி.
"பனிமூட்டத்தைக் குடிக்கவா இவ்வளவு வாய்?"
ஹிஷினுமா பின்னால் குந்தி
விளக்குக் கீற்றை வெகுநேரம் பார்த்தாள்.
"முன்பக்கம் வரைந்தவன் ஒருத்தன்
பின்பக்கம் வரைந்தவன் ஒருத்தன்
ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."
ரயில்வேயில் இருந்த ஓகுச்சி
கையுறையைக் கழற்றாமல்
கூரையின் கார்பன் இழையைத் தட்டினார்.
"நெசவு நடுவில் நேராகச் சந்திக்கிறது பாருங்கள்,
மீன்முள் மாதிரி.
இதற்கே பாதி விலை கொடுக்கலாம்."
"மேலே ஒட்டின காகிதமாயிருந்தா?"
அவர் பதில் சொல்லவில்லை.
இன்னொரு முறை தட்டினார், கொஞ்சம் மெதுவாக.

நான் முகப்புச் சட்டங்களை எண்ணினேன்.
பழக்க தோஷம்.
மேலே பதினாறு, கீழே பதினான்கு.
ஞானப்பல் இன்னும் முளைக்கவில்லை.
கதவோர இடைவெளியில் நகத்தை ஓட்டினேன்:
மேலிருந்து கீழ்வரை ஒரே நூல்.
என் பட்டறையில் இப்படி அமைந்தால்
அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போவேன்.

"உள்ளே உட்காருங்கள்" என்றார் குரோசு.

மான்தோல் என்று சொல்லிக்கொள்ளும் துணி.
கருகிய ஆரஞ்சில் தையல், இருக்கைக்கு இருக்கை
ஒரு முடிச்சுகூடப் பிசகவில்லை.
நடுவே பளபளக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கில்
வாங்கி ஒன்பதே நாளில்
காவல் நிலையத்தில் பதிந்தது போல அவர் கைரேகை.
ஜன்னல் வழியே தலைநீட்டி இபுகி
"மூணு கோடை, பல்லிளிச்சிடும்" என்றான்.
குரோசு அதைக் கேட்காதவர் போல
ஒலி கூட்டும் குமிழைக் காட்டினார்.
"அலுமினியம். ஒரே கட்டியிலிருந்து கடைந்தது."

தொட்டேன்.
கண்ணாடிகள் இறக்கியே வந்திருக்கிறார்.
உலோகமென்றால் இந்நேரம் விரலைக் கடித்திருக்கும்.
கடிக்கவில்லை.

பிசின், மேலே மெல்லிய பூச்சு.
நான் தினம் செய்யும் வேலைதான்.
நல்ல வேலை, அதையும் சொல்லவேண்டும்:
விளிம்பில் பிசிறில்லை,
ஒளி விழுந்து வழுக்கும் விதத்தில் பொய்யில்லை.

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. சரி.
இது தானமில்லையே.
மீன்பதன ஆலையில் தன் பங்கை விற்று
இரண்டு வருடம் காத்திருந்து வாங்கியது.
பார்க்கலாம். சொல்லலாமா?

நிறம் பொருத்த எப்போதாவது
யாராவது என் எதிரில் அமர்வதுண்டு.
கண்ணாடியைக் கையில் கொடுத்ததும்
தன் வாயை விட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.
குரோசு அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல் முன்பல்வரை வந்து நின்றபோது
ஒலிபெருக்கி அலறியது:
நிறுத்தம் மூடப்படுகிறது, வெளியேறவும், வெளியேறவும்.
நான் இறங்கினேன்.
அவர் கதவை இழுத்தார்.

தப்.

ஒரே ஒரு சத்தம், தாழ்வாக,
அதற்குப் பின் எதுவும் அதிரவில்லை.
மேல்வரிசை கீழ்வரிசையில் போய் அமர்வது
எனக்குத் தெரியாதா.

"கடி சரியாயிருக்கிறது" என்றேன்.
என்ன புரிந்ததோ, ஸ்டீயரிங் இடிக்கக் குனிந்து வணங்கினார்.

சுழல்பாதையில் இறங்கும்போது
இருபது வயதான என் சின்ன வண்டியின்
பின்கண்ணாடி முழுக்க அந்த முகப்பு.
இபுகி சொன்னது சரிதான், பெரிசு.
வளைவுக்கு வளைவு நெருங்கிவந்து
முப்பது பல்லும் தெரியச் சிரித்தது.

மூன்று வளைவுகள்வரை
நான் வழிவிடவில்லை.