ஒன்பது விசில்

ஏழு பத்துக்குக் கம்பெனி பஸ்
மத்திகிரி கூட்ரோட்டில் என்னைத் துப்பிவிட்டுப் போகும்.
ஒன்பதுக்கு ரென்சி தூங்கிவிடுவாள்.
நடுவில் இருப்பது
ரெண்டு அடுப்பு, பாதி சிலிண்டர்,
அரைக்கிலோ மாட்டுக்கறி.

இம்தியாஸ் பாய் கறுப்புக் கவரில் போட்டு,
அதன்மேல் இன்னொரு கவர் போட்டு,
"துணிக்கடைப் பை இருக்காம்மா?" என்பார்.
இருக்கிறது.
கல்யாணப் பட்டு வாங்கிய பை.
அப்புறம் அதில் பட்டு எதுவும் வந்ததில்லை.

ஓசூரில் நாலு வீடு பார்த்து
ஐந்தாவதாய்க் கிடைத்த மாடி வீடு.
சாவி கொடுக்கும்போது முனிரத்னம்மா
ஒன்றுதான் கேட்டார்: "என்ன சாப்பிடுவீங்க?"
"எல்லாமே கொஞ்சமாத்தான்" என்றான் சகாயம்.
அது பொய்யில்லை என்று இன்னும் வாதாடுகிறான்.

வாசனையைச் சமாளித்துவிடலாம்.
சோம்பு, கைநிறையக் கறிவேப்பிலை,
ஜன்னலுக்கு ஓர் ஊதுபத்தி.
விசிலைத்தான் மூடிவைக்க முடியாது.
கோழிக்கு ரெண்டு. ஆட்டுக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து.
ஏழாவது விசில்
மாடிப்படி இறங்கிப்போய்
நான் எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்று
சொல்லிவிட்டு வரும்.

அதனால் புதன்கிழமைக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறேன்.
கறி ஃப்ரீசரில் கிடக்கட்டும்,
ரென்சி ஏழாம் வாய்ப்பாடு முடிக்கும்வரை.
விறைத்ததும் நரம்புக்குக் குறுக்கே
வாழைக்காய் வறுவலுக்குப் போல் சீவு.
நேராய் வெட்டினால் செருப்பு.
இரும்புச் சட்டி புகையட்டும். கடலெண்ணெய்.
கொஞ்சம் கொஞ்சமாய்ப் போடு,
மொத்தமாய்க் கொட்டினால் அழுது தண்ணீர் விடும்.
இடித்த மிளகு, பூண்டு,
ராயக்கோட்டைத் தக்காளி ஒன்று,
விலை விழுந்த வாரமென்றால் மூன்று.
அடுத்த அடுப்பில் களி.
பன்னிரண்டு நிமிடம்.
குக்கர் அலமாரியை விட்டு இறங்கவேயில்லை.

போன புதன் ஓவர்டைம்.
எட்டரைக்கு வந்தேன். கிடைத்ததோ தொடைக்கறி, முற்றல்.
சீவத் தெம்பில்லை.
குக்கரில் தள்ளி வெயிட்டைப் போட்டுவிட்டுக்
கட்டிலில் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டேன்.
விழித்தபோது சகாயம்
அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான்,
ஒரு கையில் ஐந்து விரல், மறுகையில் நாலு.

காலையில் படியேறி வந்தார் முனிரத்னம்மா.
மூட்டுவலிக்காரர்.
வாடகை வாங்கக்கூட ஏறியதில்லை.
கையில் ஒரு தூக்குச்சட்டி.
"ராத்திரி அத்தன விசிலு. பருப்பு வேகலியா?"
"ஆமாங்க" என்றது என் வாய்,
என்னைக் கேட்காமலே.
"கடைப் பருப்பு அப்படித்தான்.
இது எங்க நிலத்துத் துவரை. மூணு விசிலு. குழைஞ்சிடும்."

அவர் முகத்தைப் பார்த்தேன்.
நாளெல்லாம் லென்சுக்கடியில் வைத்து
மயிரிழைக் கீறல் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது.
ஒன்றும் அகப்படவில்லை.
பாதிப் படி இறங்கியபின், திரும்பாமல் சொன்னார்:
"கேஸுதான் வீணாப் போவுது."

இன்று மறுபடி புதன்.
பாய் சும்மா போட்ட எலும்புக்கு ஆறு விசில்.
இறக்கி, ஆறவிட்டு,
துவரைக்கு மூன்று. சொன்னபடியே குழைந்தது.
சுரைக்காய், மாங்காய், கொஞ்சம் புளி:
தால்ச்சா.
ஆறையும் மூன்றையும் கூட்டத் தெரிந்தவர்கள்
கூட்டிக்கொள்ளட்டும்.

தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
வாங்கிய ஏனத்தை வெறுமையாய்த் திருப்பக்கூடாது.
சர்க்கரை போட்டுக் கொடு என்கிறான் சகாயம்.
குழம்பு ஊத்திக் குடும்மா என்கிறாள் ரென்சி.
மணி ஒன்பதாகப் போகிறது.
முதலில் உட்காருங்கள்,
களி இறுகுகிறது.