ஐம்பத்தைந்து நொடி

காரைக்குடி, செக்காலை ரோடு,
மருந்துக்கடைக்கு மேல் மாடி.
எட்டுக் கோர் உள்ள கணினி ஒன்று.
வெளியே நாற்பத்தொரு டிகிரி மே மாதம்.
ஏசி அதற்குத்தான்,
நாங்கள் அதன் தயவில் உட்கார்ந்திருந்தோம்.

நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம்.
இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்தவன்
இழைகளை ஓட்டுவதற்கே ஒரு நூலகம் வரும் என்று
நினைத்திருக்க மாட்டான்.
எங்களிடம் அப்படி இரண்டு இருந்தன.
தேனப்பன் பழைய கட்சி:
"கேட்டா இழை குடுக்கும். கேக்காததைச் செய்யாது."
என்னுடையது புதிது.
வேலையைப் பொடிப்பொடியாய் நறுக்கிப் போட்டால்
சும்மா இருக்கிற இழை
பக்கத்து இலையில் கைவைத்து
எடுத்துத் தின்றுவிடும்.

பதினேழு கூட்டுறவுச் சங்கங்கள்,
நகைக்கடன், நாள்வட்டி,
இருபத்தாறு லட்சம் வரிசை.
எவருடையது முந்துகிறதோ அவர் சொன்னதே சட்டம்.
தோற்றவர் ஒரு வாரம் டீ வாங்கி வரவேண்டும்.

முதலில் அவனுடையது.
ஓர் இழைக்கு நானூற்றுப் பன்னிரண்டு நொடி.
இரண்டுக்கு இருநூற்று ஒன்பது.
நான்குக்கு நூற்றெட்டு;
தேனப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.
எட்டுக்கு

நூற்று முப்பத்தொன்று.

மறுபடி ஓட்டினோம். நூற்று முப்பத்து நான்கு.
என்னுடையதை ஓட்டினோம். நூற்று இருபத்தொன்பது.
ஜெயித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.
ஆளைக் கூட்டினால் வேலை ஏன் குறைகிறது?

அப்போது பள்ளத்தூரிலிருந்து போன்.
சித்தப்பா மகன், என்னைவிட ஒரு வயது இளையவன்.
வீட்டை விற்க எட்டுப் பங்காளி.
ஏழு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று.
எட்டாமவர் ஈப்போவில், பாஸ்போர்ட் காலாவதி.
"பத்திர ஆபீஸ் வாசல்ல
ஏழு பேரும் சும்மா நிக்கிறோம் ஆச்சி."
ம், ம் என்றேன்.
கண் திரையில் இருந்தது.
எட்டுக் கோரும் நூறு சதவீதம் என்று காட்டுகிறதே,
இதில் எத்தனை உழைப்பு, எத்தனை நிற்பு?

அளந்து பார்த்ததில்
நூலகம் இரண்டுமே நிரபராதி.
குற்றவாளி நான் எழுதிய ஒரு வரி.
'இதுவரை முடிந்தது இத்தனை' என்று காட்ட
பொதுவில் வைத்த ஓர் எண்ணிக்கை.
ஒவ்வொரு கடன் முடிந்ததும்
அதே பூட்டைத் திறந்து, ஒன்றைக் கூட்டி,
பூட்டி, அடுத்தவனுக்கு வழிவிட்டு,
இருபத்தாறு லட்சம் தடவை.
வட்டி போட்டதைவிட
வாசலில் நின்றதே அதிகம்.
சங்கத்துச் செயலாளருக்குப்
பச்சைக் கோடு ஊர்ந்தால் பிடிக்கும்.
அதற்காக வைத்தது.

அவரவர் விரலில் அவரவர் எண்ணட்டும்,
கடைசியில் ஒருதரம் கூட்டிக்கொள்ளலாம் என்று
மாற்றினேன். நாலு வரிதான்.

எட்டு இழை, அவனுடையது: ஐம்பத்தைந்து.
எட்டு இழை, என்னுடையது: ஐம்பத்தைந்து.
புள்ளிக்குப் பிறகு ஏதோ வித்தியாசம்;
மின்விசிறியைத் தட்டினால் மாறிவிடும்.
மூன்று வாரச் சண்டை
இப்படி ஒன்றுமில்லாமல் போனதில்
இருவருக்குமே கொஞ்சம் வருத்தம்.

சித்தப்பா மகனைத் திரும்ப அழைக்கவில்லை.
ஈப்போவுக்கு என்னிடம்
மாற்றி எழுத வரி இல்லை.

டீக்கு இருவருமே கிளம்பினோம்.
மாடிப்படி ஓர் ஆள் அகலம்.
கீழிருந்து மருந்துப் பெட்டியோடு
ஒரு பையன் ஏறி வந்தான்.
நின்றோம்.