வேலிக்கதவு

சனிக்கிழமை பத்தரைக்கு வருவார்கள்
சர்க்கரைக்கிழங்கு வயலோரமாய்,
முதலில் சிட்ஸ்கெ,
பத்தடி பின்னால் வீட்ஸெ.
பிரிந்து ஆறு வருடம்.
வீடு, படகு, வங்கிக்கடன்
எல்லாம் இரண்டாக்கியாயிற்று,
நாயை எப்படிப் பிரிப்பது என்று
ரொட்டிக்கடையில் அவளே கேட்டாள்.

கடலணைமேல் என் ஆடுகள்.
கதவைத் திறந்தவர் மூட வேண்டும்,
அவ்வளவுதான் இங்கே சட்டம்.
அந்த நேரத்தில் அப்பால் கடல் இராது.
ஓதம் வடிந்த சேறு,
சேற்றில் துண்டு துண்டாய் வானம்,
அதைக் கொத்திப் பார்க்கும் உள்ளான்கள்.
ஃப்ரீஸ்லாந்துக் காற்று பேசவிடாது.
அவர்களுக்கு அது வசதி.
திரும்பும்போது
காலணிச் சேற்றை ஒரே கல்லில் தேய்ப்பார்கள்,
முறை வைத்து.

ஏப்ரலில் நாய் செத்தது.
இனி யார் வரப்போகிறார்கள் என்று
கதவின் கீலுக்கு எண்ணெய் விடவில்லை நான்.

அடுத்த சனி, பத்தரை,
கீச்சென்று ஒரு சத்தம்.
அவள் உள்ளே வந்துவிட்டாள்.
அவன் கதவைப் பிடித்தபடி நின்றான்,
ஒரு கிழட்டு நாய்
கம்பத்தை முகர்ந்து, யோசித்து,
மறுபடி முகர்ந்து,
நுழைய எவ்வளவு நேரமாகுமோ
அவ்வளவு நேரம்.
அவளும் திரும்பிப் பார்த்து
நின்றாள்.

அதற்குள் என் ஆடுகள் இரண்டு
கிழங்கு வயலில் இறங்கிவிட்டன.

இறங்கட்டும்.