பத்து நொடி

ஐந்நூறு ஜிபியை வஞ்சிரம் மாதிரி
நடுவில் அறுத்துக் கொடுத்தான்
மின்ட் மாடிக்கடைப் பையன்.

உன் பாதியில் விண்டோஸ்,
டாலி, ஐஸ் பாக்ஸ் கணக்கு,
ஏலத்தில் நின்றுபோன பாக்கி.
என் பாதியில் லினக்ஸ்.
ஓரத்தில் யார் பேருக்கும் எழுதாத எட்டு ஜிபி,
மறந்தானோ, விட்டுவைத்தானோ.

இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாதாம்.

நீ காசிமேட்டுக்குக் கிளம்பும் இரண்டு மணிக்குத்தான்
என் கால் சென்டர் வேன் வரும்.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் நின்றால்
அன்றைக்கு அதுவும் இல்லை.

ஸ்விட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில்
இரண்டு பேரும் ஒன்றன்கீழ் ஒன்றாக,
பத்து நொடி.
எதையும் தொடாவிட்டால்
உன்னுடையதுக்குப் போய்விடும்.

நேற்று அந்தப் பத்தை
முப்பதாக்கினேன்.
கணக்கு லேட்டாவுதுன்னு
கத்தாத, ரூபன்.